தேய்த்துக் கழுவிய கிண்ணம்

1

லண்டனுக்கு வந்து இந்த மாதத்தோடு பன்னிரண்டு வருடம் முடிகிறது. இந்த நாளை ஞாபகம் வைத்திருப்பவர் என் கணவர்தான். ஒவ்வொரு வருடமும் வேலை முடிந்து வரும்போது தமிழ்க் கடையில் ஒரு பெட்டி லட்டு வாங்கி வந்து, "இண்டையோட இத்தினை வருசம்" என்று சொல்லி மேசையில் வைப்பார். அதைச் சந்தோஷத்தில் சொல்கிறாரா துக்கத்தில் சொல்கிறாரா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அவருக்கும் பதில் தெரிந்திருக்காது.

இந்த வருடம் லட்டு வரவில்லை. மகள் அமெரிக்காவுக்குப் போய்விட்டாள். அவருக்குச் சீனி வருத்தம், எனக்குக் கொலஸ்ட்ரோல். நாங்கள் இரண்டு பேரும் ஒரு பெட்டி லட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

லண்டனின் ஓரத்தில், சட்டன் என்ற இடத்தில் எங்களுடையது மேல்மாடி வீடு. சாமிக்கென்று தனி அறை கிடையாது. சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கும் அலுமாரியில் ஒரு பலகைத் தட்டு அடித்து, அதில் பிள்ளையாரையும் முருகனையும் அம்மனையும் வைத்திருக்கிறோம். இந்த வீட்டிலேயே சூடான இடம் அதுதான். மாரிகாலத்தில் சாமிகளைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். அந்தத் தட்டில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. திருநீறு போட்டு வைத்திருக்கிறோம். மங்கின மஞ்சள் நிறம், நிறையக் கீறல். வருகிறவர்கள் திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டு போவார்கள். கிண்ணத்தை ஒருவரும் இரண்டாம் தரம் பார்ப்பதில்லை.

ஊரில் இருக்கிற உங்களுக்கு லண்டனைப் பற்றி எழுதுகிறவர்கள் குளிரைப் பற்றியும் நகரசபை தருகிற கவுன்சில் வீட்டைப் பற்றியும் எழுதிவிட்டார்கள். நான் இந்தக் கிண்ணத்தைப் பற்றி எழுதுகிறேன்.

2

நான் ஒரு கடையில் கண்ணாடி கழுவுகிறேன். இந்த ஒரு வசனத்தை எழுதப் பன்னிரண்டு வருடம் எடுத்திருக்கிறது.

விம்பிள்டனில் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில் இருக்கிறது அந்தக் கடை. பழைய அமெரிக்கக் கண்ணாடிப் பொருட்கள் மட்டும் விற்பார்கள். பூச்சாடி, கிண்ணம், விளக்கு மூடி, வைன் குவளை. கடைக்காரி மார்ஜரி என்னைவிடப் பத்து வயது மூத்தவள். தாய் அமெரிக்காக்காரி, தகப்பன் இங்கிலாந்துக்காரன். வேலைக்குச் சேர்ந்த அன்றே "என்னை மார்ஜரி என்று கூப்பிடு" என்றாள். மூத்த ஒரு மனுசியைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. 'மிஸிஸ்' போட்டால் அவளுக்குப் பிடிக்காது. ஆகவே ஒரு வருடத்துக்கு மேலாக அவளை ஒன்றுமே சொல்லிக் கூப்பிடாமல் சமாளித்தேன். ஏதாவது கேட்கவேண்டுமென்றால் அவள் முன்னால் போய் நிற்பேன். அவள் பயந்து திடுக்கிடுவாள்.

என் கணவர் ஊரில் உப தபாலதிபர். ஊர்ச் சனம் முழுக்க அவரை 'மாஸ்டர்' என்று கூப்பிட்டது. இங்கே ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து காசு வாங்குகிறார். அதை அவர் ஒருமாதிரிப் பொறுத்துக்கொண்டார். மனைவி ஒரு வெள்ளைக்காரியின் கடையில் பேசினுக்கு முன்னால் நின்று கழுவுகிறாள் என்பதைப் பொறுக்க அவரால் முடியவில்லை. ஆரம்பத்தில் உறவுக்காரர் ஒருவர் கேட்டபோது, "அவ ஒரு ஒபிசில வேலை" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்றவேண்டி வந்துவிட்டது. வீட்டுக்குள்ளும் 'ஒபிஸ்' என்றே பெயர். "ஒபிஸ் முடிஞ்சுதோ?" என்பார். "ஓம்" என்பேன். ஒபிசில் என்ன நடந்தது என்று அவர் கேட்டதேயில்லை. நானும் சொன்னதில்லை. களைத்து வருகிற மனுசரிடம் போய் எதைச் சொல்வது?

சொல்ல நிறைய இருந்தது. கண்ணாடி கழுவுவது லேசான காரியமில்லை. பேசினுக்குள் கை துடைக்கிற துவாயை மடித்து விரிக்கவேண்டும், தட்டுப்பட்டால் உடையாமலிருக்க. தண்ணீர் இளஞ்சூடாக இருக்கவேண்டும், குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி. தேய்க்கிற தூள் கூடாது, நார் கூடாது, புளிப்பு எதுவும் படக்கூடாது. மினுக்கம் உள்ள சாமான் என்றால் வெறும் கையாலும் நுரையாலும்தான். ஒரே நேரத்தில் இரண்டு சாமான் பேசினுக்குள் இருக்கக்கூடாது. மோதிரத்தைக் கழற்றிவைக்கவேண்டும். என் தாலிக்கொடியைப் பார்த்துவிட்டு மார்ஜரி ஒரு ஏப்ரன் தைத்துத் தந்தாள், கழுத்துவரை மூடுகிற மாதிரி.

3

சாப்பாட்டு நேரத்தில் மார்ஜரி கதை சொல்லுவாள். கேட்பதற்கு ஆள் இல்லாத மனுசி. எனக்கு அந்த நாட்களில் பாதிதான் விளங்கும். விளங்காத மிச்சத்தை அவள் கையில் பிடித்திருக்கிற சாமானைப் பார்த்து விளங்கிக்கொள்வேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் பணம் பெருகியதாம். பணம் வந்தவர்களுக்கு வீட்டில் அழகான சாமான் வைக்கவேண்டும் என்ற ஆசையும் வந்தது. அதுவரைக்கும் நல்ல கண்ணாடி என்றால் ஐரோப்பாவிலிருந்துதான் போகவேண்டும். பிறகு அமெரிக்காவிலேயே கண்ணாடித் தொழிற்சாலைகள் ஒன்றோடொன்று போட்டி போட்டுப் புதுப் புது நிறங்களைக் கொண்டுவந்தன. ஒரு வகைக் கண்ணாடிக்குள் தங்கத்தைக் கரைத்துப் போடுவார்கள். முதலில் ஊதி எடுக்கும்போது அது தேன் நிறமாக இருக்கும். தங்கம் போட்ட அடையாளமே தெரியாது. விளிம்பை மட்டும் திரும்பவும் நெருப்பில் காட்டினால்தான் அந்த இடம் மாதுளைச் சிவப்பாக மாறும். இரண்டாம் தரம் சூடு காட்டாவிட்டால் உள்ளே சிவப்பு இருப்பது ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. இன்னொரு வகை மஞ்சளிலிருந்து ரோஸாவாக மாறும். அதற்குப் பர்மா என்று பெயர். பர்மாவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பர்மாவின் அந்திவானம் மாதிரி இருக்கிறதென்று யாரோ ஒரு ராணி சொன்னதாகக் கதை, ராணி பர்மாவுக்குப் போனதில்லை என்றாள் மார்ஜரி.

எனக்குப் பிடித்தது மினுக்கக் கண்ணாடி. மயில் கழுத்து மாதிரி நீலமும் பச்சையும் பொன்னும் ஒன்றாக ஓடும். சாமானைத் திருப்பினால் நிறமும் திரும்பும். அது வந்த கதை இப்படி. மண்ணுக்குள் இருந்து தோண்டியெடுத்த ரோமாபுரிக் கண்ணாடிகள் அப்படி மினுங்குமாம். நூற்றாண்டுக்கணக்காக ஈர மண்ணில் கிடந்ததால் வந்த மினுக்கம் அது. சரியாகச் சொன்னால் கண்ணாடிக்கு வந்த நோய். நியூயோர்க்கில் ஒரு பெரிய நகைக்கடைக்காரரின் மகன் அதைப் பார்த்து மயங்கி, புதுக் கண்ணாடியிலும் அதைக் கொண்டுவரவேண்டும் என்று நின்றான். அவனுடைய சாலையில் சூடு ஆறாத கண்ணாடிமேல் உலோக உப்புகளைப் புகையாகப் பிடித்து அந்த மினுக்கத்தை வரவழைத்தார்கள். பணக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

பிறகு வேறு சில சாலைக்காரர்கள் இரும்பு அச்சில் கண்ணாடியை அமுக்கி, மேலே அதே உப்பைத் தெளித்து, சில்லறைக் காசுக்கு விற்றார்கள். திருவிழாக் கடைகளில் வளையம் எறிந்து வென்றவர்களுக்குப் பரிசாகக்கூடக் கொடுத்தார்களாம். சமையற்காரியின் அலுமாரியிலும் மயில் கழுத்து மினுங்கத் தொடங்கியதும் எசமானிக்கு ஆசை விட்டுப்போயிற்று. நல்ல சாலைகள் பல படுத்தன. இப்போது பாருங்கள், அந்தச் சில்லறைக் காசுக் கிண்ணத்தையும் பழம்பொருள் சேர்ப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். மார்ஜரி இரண்டையும் ஒரே தட்டில்தான் வைப்பாள்.

ஒருநாள் கேட்டேன், இதையெல்லாம் செய்தவர்கள் அமெரிக்கர்கள்தானே என்று. மார்ஜரி சிரித்தாள். பேர்பெற்ற கைகள் பல இங்கிலாந்தின் நடுப்பகுதிக் கண்ணாடி ஊர்களிலிருந்து கப்பலேறிப் போன கைகளாம். இங்கே அரைவயிற்றுக் கூலி, அங்கே போய் 'அமெரிக்கக் கலைக் கண்ணாடி'. அன்றைக்கு ரயிலில் வீட்டுக்கு வரும்போது முழுவழியும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இவர்களும் பிழைப்புத் தேடிப் போன சனம்தான். என் கணவரிடம் சொல்லவேண்டும்போல் இருந்தது. கதவைத் திறந்ததும் "ஒபிஸ் முடிஞ்சுதோ?" என்றார். "ஓம்" என்றேன்.

4

எங்கள் ஒரே மகள் தர்சினி. லண்டனுக்கு வரும்போது பத்து வயது. சனிக்கிழமைகளில் வீட்டில் தனியே விடமுடியாமல் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். புத்தகம் வாசிக்கச் சொல்லி உட்கார்த்தினால் புத்தகம் மடியில் இருக்கும், கண் தட்டில் இருக்கும். பன்னிரண்டு வயதில் அவளுக்கு எந்தச் சாமான் எந்தச் சாலை என்று தூரத்திலிருந்தே சொல்லத் தெரிந்தது. எனக்கு இன்றைக்கும் அடியைத் திருப்பி முத்திரையைப் பார்க்கவேண்டும்.

இவர் அவளை மருந்தாளராக ஆக்கும் முடிவோடு இருந்தார். டொக்டர் என்று ஆசைப்படவில்லை, தான் அளவோடு ஆசைப்படுகிற ஆள் என்று அதை வேறு பெருமையாகச் சொல்லுவார். ஏ லெவல் பரீட்சைக்கு அவள் ரசாயனம் எடுத்தபோது கோயிலில் அர்ச்சனை செய்தார். மகள் ரசாயனம் எடுத்தது எந்த உப்பு எந்த நிறம் தரும் என்று படிக்க. அவருக்கு அது தெரிய வந்தது, கலைக் கல்லூரியில் கண்ணாடி படிக்க இடம் கிடைத்த பிறகு.

அன்று நடந்த சண்டையை எழுதினால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கு வரவில்லை.

"குப்பி ஊதவோ உன்னை இஞ்ச கொண்டுவந்தனான்?" என்றார் இவர்.

"இட்ஸ் நொட் குப்பி, அப்பா. இட்ஸ் ஆர்ட்."

"ஆர்ட்டோ? ஆரிட்டயாவது போய் என்ர மகள் ஆர்ட் படிக்கிறாள் எண்டு நான் சொல்லேலுமே?"

"நீங்க ஒருதருக்கும் ஒண்டும் சொல்லவேண்டாம். இந்த வீட்டில ஒருதரும் ஒண்டும் சொல்லுறேல்லைத்தானே."

அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்த்தாள். நான் போய் அடுப்பைத் துடைத்தேன்.

அவள் அந்தக் கல்லூரிக்கே போனாள். இவர் பேசாமல்விட்டார். ஒரே வீட்டில் மூன்று வருடம் இருவரும் என் வழியாகவே கதைத்துக்கொண்டார்கள். "அவளைச் சாப்பிடச் சொல்லும்." "அப்பாட்டச் சொல்லுங்கோ, நான் லேட்டா வருவன்." தபாலதிபராக இருந்தது அவர், கடைசியில் கடிதம் கொண்டு திரிந்தது நான். ஆட்கள் கேட்டால் மகள் டிசைன் படிக்கிறாள் என்பார். கேட்டவர்கள் தாங்களாகவே கம்பியூட்டரை முன்னால் சேர்த்துக்கொண்டார்கள். அவர் அதைத் திருத்தவில்லை.

அவளுடைய தமிழும் இந்த மூன்று வருடத்தில்தான் வற்றியது. கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். சாதாரண நேரங்களில் ஆங்கிலம். பிறகு கோபமும் வருவதில்லை. மரியாதையாக, கடையில் வேலை செய்கிற பிள்ளை வாடிக்கையாளருடன் கதைக்கிற மாதிரிக் கதைப்பாள். பிள்ளை திருந்திவிட்டாள் என்று நான் நினைத்தேன். எவ்வளவு மடைச்சி நான்.

5

போன வருடம் கல்லூரி முடிந்தது. கடைசிக் கண்காட்சிக்கு நான் மட்டும் போனேன். அவள் செய்த ஒரு கிண்ணம் தனியே கறுப்புத் துணியில் இருந்தது. உள்ளங்கை இரண்டையும் சேர்த்துக் குவித்தால் எவ்வளவு, அவ்வளவுதான். தேன் நிறக் கண்ணாடி, மேலே முழுக்க மயில் கழுத்து. நான் பத்து வருடமாகக் கழுவிய சாமான்களில் கண்ட அதே மினுக்கம், என் வயிற்றில் பிறந்தவளின் கையிலிருந்து.

"அம்மா, நிறைய உடைஞ்சது" என்றாள். கண்ணாடி ஆறிவிட்டால் உப்புப் பிடிக்காது, கூடச் சூடாக இருந்தால் பால் திரைந்த மாதிரிப் போய்விடும், இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம்தான் இருக்கிறது என்றாள். ஒரு கோடை முழுக்கச் செய்ததில் சரியாக வந்தது இது ஒன்றுதான்.

அமெரிக்காவில் ஒஹாயோ என்ற இடத்தில் மேலே படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு அவள் சொன்ன கதையும் எனக்குப் பிடித்தது. அறுபதுகளின் ஆரம்பம்வரை கண்ணாடி என்றால் பெரிய சாலை, பெரிய உலை, ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு ஆள். அப்போது மட்பாண்டம் படிப்பித்த ஒரு வாத்தியார், ஒரு ஆளே தனியாக ஏன் இதைச் செய்யக்கூடாது என்று கேட்டு, அந்த ஒஹாயோவில் ஒரு கொட்டிலில் சின்ன உலை ஒன்றைக் கட்டினாராம். முதலில் உருக்கியது சரிவரவில்லை. பிறகு ஒருவர் தொழிற்சாலைக் கண்ணாடிக் குண்டுகள் கொஞ்சம் கொடுத்து, அதை உருக்கி ஊதிப் பார்த்தார்கள். வந்துவிட்டது. அதிலிருந்துதான் வீட்டுக்குப் பின்னால் உலை வைத்துத் தனியே கண்ணாடி செய்கிற ஆட்கள் உருவானார்கள். "அங்க இருந்துதான் தொடங்கினது அம்மா. நான் அங்க போகவேணும்."

அவளைச் சேர்த்துக்கொண்ட ஆசிரியை, படத்தில் பார்த்த கிண்ணத்தை வரும்போது கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார். எந்த உப்பு, எவ்வளவு சூடு என்று சாமானைக் கையில் வைத்துக்கொண்டு பேசவேண்டுமாம்.

விசாவுக்கு அமெரிக்கத் தூதரகத்தில் வரிசையில் நிற்கவேண்டியிருந்தது. அன்றைக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. இவர், நானே எதிர்பார்க்காமல், ஷிப்டை மாற்றிவிட்டு மகளோடு போனார். எங்கள் வாழ்க்கையில் பாதி இப்படிப்பட்ட வரிசைகளில் போனது. வருடாவருடம் இருப்புரிமை புதுப்பிக்க, பிறகு குடியுரிமைக்கு. வரிசை என்றால் இவருக்கு ஒரு தைரியம் வரும், எந்தப் பேப்பர் எங்கே என்று சரியாக வைத்திருப்பார். வெளியே மழையில் குடையோடு நின்றாராம். அவள் விசாவோடு வந்ததும் "பசிக்குதே பிள்ளை?" என்று கேட்டிருக்கிறார். மூன்று வருடத்துக்குப் பிறகு நேரே கேட்ட முதல் கேள்வி. இருவரும் சிப்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

பயணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, வரவேற்பறையில் பயணப் பெட்டிமேல் இருந்த கிண்ணத்தை அவர் எடுத்துச் சாமித்தட்டில் வைத்தார். பொட்டு வைத்து ஒரு செவ்வரத்தம்பூப் படத்தையும் பக்கத்தில் சாய்த்துவைத்தார். பூ வாங்க வசதியில்லாத நாட்களில் நாங்கள் அப்படித்தான் செய்வது. அவளிடம் கேட்கவில்லை. அவள் அதைப் பார்த்தாள். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவர் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தாள். 

6

எங்கள் வீட்டில் வியாழக்கிழமை பின்னேரம் சாமி விளக்குகள் கழுவுகிற நேரம். ஊரில் அது என் வேலை. இங்கே வியாழனில் எனக்குக் கடை பிந்தி முடியும், இவருக்குக் காலை ஷிப்ட். அதனால் அவர் எடுத்துக்கொண்டார். ஆம்பிளை விளக்கு மினுக்குவதா என்று தொடக்கத்தில் யன்னல் திரையை இழுத்துவிட்டுச் செய்தவர், பிறகு அதில் கெட்டிக்காரரானார். பழப்புளியும் தூளும் கம்பி நாரும் போட்டு அவர் தேய்த்தால் பித்தளை பொன்னாகிவிடும்.

பெற்றோல் ஸ்டேஷனில் மழைநாளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். சிந்தின பெற்றோல் தண்ணீர்மேல் மிதந்து நீலமும் பச்சையும் பொன்னுமாக மினுங்கும். வழுக்கி விழுந்தால் வழக்கு வரும் என்று உடனே மணல் போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள். பத்து வருடமாக அவர் அதைத்தான் செய்தார். அந்த நிறத்தை எங்கே கண்டாலும் அவர் கைக்குத் தேய்க்கத் தோன்றும். அது ஒரு அழகு என்றும், அதற்காகத்தான் மனிதர்கள் உலைக்கு முன்னால் வெந்தார்கள் என்றும், அதைக் கழுவத்தான் மனைவி ஒவ்வொரு நாளும் ரயில் ஏறுகிறாள் என்றும் அவருக்கு யார் சொன்னார்கள்? மகள் செய்த கிண்ணத்தை அவர் அதுவரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததும் இல்லை.

நான் வந்தபோது வாசலிலேயே புளி மணத்தது. தட்டில் விளக்கு பளபளத்தது. பக்கத்தில் கிண்ணம் வெறும் மஞ்சளாக இருந்தது. நான் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"பாத்தீரே?" என்றார் சந்தோஷமாக. "எண்ணெய் பட்டு அப்பிடியே படிஞ்சுபோய்க் கிடந்தது. என்ர கையில இருந்த பெற்றோலும் பிரண்டிருக்கும். லேசில போகேல்லை. கை நொந்துபோச்சு. பிள்ளை அமெரிக்காவுக்கு ஊத்தையோட கொண்டுபோறதே?"

நான் என்ன சொல்லுவேன்? சொன்னேன். நின்ற இடத்திலேயே, மெதுவாக, அது ஊத்தை இல்லை, அதுதான் அவள் செய்த வேலை என்று சொன்னேன். அவர் கிண்ணத்தை எடுத்து யன்னலடிக்குக் கொண்டுபோனார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். அடியில், கால் வளையத்துக்குள்ளே நார் போகாத இடத்தில் மட்டும் ஒரு துளி மயில் கழுத்து மிஞ்சியிருந்தது. அதை அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு குந்திவிட்டார், கதிரையில் அல்ல, நிலத்தில்.

தர்சினி வந்தாள். நான் வாய் திறக்கமுன் அவரே சொன்னார். "பிள்ளை, நான் அதைத் தேய்ச்சுப்போட்டன்."

அவள் கிண்ணத்தை வாங்கிப் பார்த்தாள். முகம் ஒரு தரம் வெளிறியது. நான் காத்திருந்தேன். கத்துவாள், அழுவாள், கிண்ணத்தைச் சுவரில் அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடிக்கட்டும் என்று இருந்தது.

"இட்ஸ் ஓகே, அப்பா" என்றாள். "ரியலி. டோன்ட் வொறி அபௌட் இட்." அவர் தோளில் ஒரு தரம் தட்டினாள். பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

பஸ்ஸில் காலை மிதித்தவருக்கு இந்த நாட்டில் அப்படித்தான் சொல்வார்கள். அந்த வசனத்தை நான் ஆயிரம் தரம் கேட்டிருக்கிறேன். என் பிள்ளையின் வாயிலிருந்து தகப்பனுக்கு வந்தபோதுதான், அவள் எப்போதோ போய்விட்டாள், விமான டிக்கெட் வெறும் பேப்பர் என்று எனக்கு விளங்கியது. இவருக்கும் விளங்கியிருக்கவேண்டும். அன்று அவர் சாப்பிடவில்லை.

அவள் கிண்ணத்தை விட்டுவிட்டு அதன் படத்தை மட்டும் கொண்டுபோனாள். போன பிறகு நான் அதில் திருநீறு போட்டுவைத்தேன். வெறுமனே இருக்கப் பார்க்க முடியவில்லை.

7

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் தொலைபேசி வரும். "ஹவ் ஆர் யூ அப்பா?" "ஃபைன், பிள்ளை. நீ?" "ஃபைன்." அங்கே பனி கொட்டுகிறதாம். இங்கே மழையாம். காலநிலையைச் சொல்லி முடித்ததும் இவர் றிசீவரை என்னிடம் தருவார், சூடான சாமானைக் கைமாற்றுகிற மாதிரி. மாசக்கணக்காக இப்படியே போனது. அவர் வியாழக்கிழமைகளில் விளக்கு மினுக்குவதையும் நிறுத்திவிட்டார். நான்தான் வெள்ளி விடியவே எழும்பிக் கழுவினேன்.

நேற்று வியாழன். லட்டு வாங்காத நாள் என்று சொன்னேனே, அந்த நாள். நான் வேலையால் வந்தபோது அவர் பல மாதத்துக்குப் பிறகு விளக்கைக் கழற்றிப் பேசினில் போட்டுக்கொண்டு நின்றார். வருட நாளில் ஏதாவது செய்யவேண்டுமே என்று இருந்திருக்கும். அப்போது தொலைபேசி அடித்தது. ஞாயிறு இல்லாத நாளில் அடித்ததால் பதறிப்போய் ஈரக் கையோடு எடுத்தார். பக்கத்தில் நின்ற எனக்கு அவள் குரல் நன்றாகக் கேட்டது.

வகுப்பில் அன்று அவள் ஊதியதெல்லாம் உடைந்துவிட்டதாம். குரல் களைத்திருந்தது. "வட் ஆர் யூ டூயிங், அப்பா?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல வராத மனுசர். ஒபிஸ் ஒன்றைத் தவிர. "விளக்குக் கழுவுறன், பிள்ளை" என்றார்.

 "புளி போட்டோ?" என்றாள் தமிழில்.

"ஓம்."

"ஏன் அப்பா அதைத் தேய்ச்சனீங்கள்?" என்றாள். அதற்குப் பிறகு அணை உடைந்தது. "என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தானே? அது ஊத்தையோ? நான் செய்தது உங்களுக்கு ஊத்தையோ? எத்தினை உடைஞ்சது தெரியுமோ உங்களுக்கு? அம்மா பத்து வருசம் அதைத்தான் கழுவுறா, அது என்னெண்டாவது ஒருநாள் கேட்டிருக்கிறீங்களோ? உங்களுக்கு எல்லாம் வெக்கம். அம்மாவிலயும் வெக்கம், என்னிலயும் வெக்கம்." தமிழ் பிழைபிழையாக, பாதி அழுகையாக, மூச்சு விடாமல் வந்தது. எங்கே வைத்திருந்தாள் இவ்வளவு தமிழையும்?

அவர் "ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை" என்றே நின்றார். அவர் கையிலிருந்து புளித்தண்ணீர் கம்பளத்தில் சொட்டியது. கடைசியில் அவள், "ஃபோன் காட் முடியுது. ஞாயிறு எடுக்கிறன். மருந்து ஒழுங்காப் போடுங்கோ" என்று அதையும் ஏசுகிற குரலிலேயே சொல்லி முடித்தாள்.

றிசீவரை வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. வாய் சிரித்தது.

"ஏசிப்போட்டாள்" என்றார்.

"ஓம்" என்றேன்.

குசினிக்குப் போனார். நான் பின்னால் போனேன். சாமித்தட்டிலிருந்து கிண்ணத்தை எடுத்துவந்து, திருநீற்றை ஒரு பேப்பரில் கவனமாகக் கொட்டினார். பேசினில் கிடந்த விளக்கையும் நாரையும் ஒரு பக்கம் எடுத்துவைத்தார். பிறகு திரும்பாமலே, தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"உம்மட கடையில கண்ணாடியை என்னெண்டு கழுவுறனீர்?"

நான் மோதிரத்தைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார். பேசினுக்குள் ஒரு துவாயை மடித்து விரித்தேன்.